பெட்டி எதற்கு?

சுண்ணாம்புக்கல் தளங்களில் ஜியோகேச்சிங் பெட்டி ஒளித்து வைப்பதை அடியோடு நிறுத்த வேண்டும் என்பது என் கட்சி. லீட்ஸில் மகன் வீட்டில் இருக்கும் மாதங்களில் யார்க்‌ஷயர் டேல்ஸ் பக்கம் நடக்கப் போகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். விளையாட்டே கூடாது என்று சொல்லவில்லை. 2000 மே மாதம், ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை எடுத்த கையோடு பிறந்த விளையாட்டு இது. பேரப்பிள்ளைகளை டிவி முன்னாலிருந்து கிளப்ப இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஆனால் மாலம் கோவ் உச்சியில் இருக்கும் தளத்தைப் பாருங்கள். பனியாறு மேல்மண்ணைச் சுரண்டிவிட்டுப் போனபின், லேசான அமிலமுள்ள மழைநீர் 10,000 ஆண்டுகளுக்கு மேலாக விரிசல்களைக் கரைத்துக் கரைத்துப் பாறையைப் பாளம் பாளமாகப் பிரித்திருக்கிறது. பாளத்துக்கு கிளிண்ட், இடுக்குக்கு கிரைக் என்று பெயர். காற்றும் ஆட்டின் வாயும் எட்டாத அந்த இடுக்குகளில்தான் பெரணிகள் பிழைத்துக் கிடக்கின்றன.

பெட்டி வைப்பவர் கண்ணிலும் அந்த இடுக்குதான் படுகிறது! "ஒரு கல்லை நகர்த்தினால் குடியா முழுகிவிடும்?" என்கிறார்கள். செல்போன் ஜிபிஎஸ் சில மீட்டர் முன்னே பின்னேதான் காட்டும். அந்த வட்டத்துக்குள் எல்லா இடுக்கிலும் கையை விட்டு, ஆடுகிற கல்லையெல்லாம் புரட்டுகிறார்கள். வைத்தவர் நகர்த்தியது ஒரு கல்தான், தேட வந்தவர்கள் புரட்டியதை யார் எண்ணினார்கள்? தோட்ட அலங்காரத்துக்கு இந்தக் கல்லைப் பெயர்த்து விற்ற காலம் உண்டு. அதைத் தடுக்க 1981-ம் வருடச் சட்டத்தில் தனிப் பிரிவே வைக்க வேண்டியிருந்தது.

"பெட்டி இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு என்ன சுவாரசியம்?" என்பது அடுத்த கேள்வி. 2004-லிருந்தே எர்த்கேச் என்று ஒரு வகை இருக்கிறதே! அதில் டப்பாவே கிடையாது. இடத்துக்குப் போய், பாறையைப் பார்த்து, கேட்ட கேள்விக்குப் பதில் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். நார்பரில் வெளிறிய சுண்ணாம்புக்கல் பீடத்தின் மேல் கறுத்த பாறாங்கற்கள் உட்கார்ந்திருக்கும். மேலே இருப்பது கீழே இருப்பதைவிட ஏறக்குறைய 10 கோடி ஆண்டு மூத்தது. மூத்தது எப்படி மேலே ஏறியது என்று ஒரு பத்து வயதுப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். பனியாறு தூக்கி வந்து வைத்தது. பிறகு அது குடைபோல நின்று அடியிலிருந்த கல்லை மழையிலிருந்து காத்தது, சுற்றியிருந்தது கரைந்து தாழ்ந்தது. இந்தப் பதிலுக்கு வந்து சேர என் பேத்திக்கு அரை மணி நேரம் ஆனது. டப்பாவுக்குள் கிடக்கும் பிளாஸ்டிக் பொம்மைக்கு அவள் அரை நிமிடம்கூடக் கொடுத்ததில்லை.

அந்தத் தளங்களில் பெட்டி வைத்திருப்பவர்கள் வரும் கோடைக்குள் போய் எடுத்துவிடுங்கள். எடுக்கும்போது பக்கத்துக் கல்லைத் தொடாமல் எடுங்கள்.