விக்கிறதுக்குக் கடை இருக்கு... விடுறதுக்கு ஒரு அறை இருக்கா?

தென்காசி மாவட்டச் சொந்தங்களே!

2024-25ல் டாஸ்மாக் மூலமா அரசுக்கு வந்த வருவாய் ரூ.48,344 கோடி. பகல் 12 மணிக்குத் திறந்து ராத்திரி 10 மணி வரைக்கும் ஊத்திக் கொடுக்குற அரசு, குடியை விட நினைக்கிறவனுக்கு என்ன வழி வச்சிருக்கு?

"அதான் மறுவாழ்வு மையம் இருக்கே"ன்னு கமெண்ட்ல கம்பு சுத்த வருவாங்க. சிகிச்சை முடிஞ்சு ஊருக்கு வந்தா அதே தெரு, அதே கடை, அதே கூட்டாளி. குற்றாலத்துல சாரல் விழுந்தாலே பாட்டில் இறங்க ஆரம்பிச்சிடும். அங்க ஆட்டோ ஓட்டுறவரும் லாட்ஜ்ல வேலை பாக்குறவரும் மனசு கடைப்பக்கம் இழுக்கும்போது யார்கிட்ட போவாங்க?

அதுக்குத்தான் குடிநோயிலிருந்து மீண்டவங்களே நடத்துற கூட்டங்கள். 1935ல் அமெரிக்காவின் அக்ரான் நகரத்துல, குடியால சீரழிஞ்ச ஒரு பங்குச்சந்தைக்காரரும் ஒரு டாக்டரும் ஆரம்பிச்ச 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' (ஏஏ) வழி இது.

🔹 மூடிய கூட்டம்: குடியை நிறுத்த விரும்புறவங்களுக்கு மட்டும்.
🔹 திறந்த கூட்டம்: குடும்பம், நண்பர், டாக்டர், யாரும் போய்க் கேக்கலாம்.
🔹 அல்-அனான்: குடும்பத்தாருக்கு. பீடி சுத்துன காசையும் பறிகொடுத்து நிக்கிற நம்ம ஊரு அக்காக்களுக்கு.
🔹 அல்-அட்டீன்: அந்த வீட்டுல வளர்ற பிள்ளைகளுக்கு.

வெறும் ஆறுதல் பேச்சுன்னு நெனைக்காதீங்க. 27 ஆய்வுகள், 10,000க்கும் மேற்பட்டவங்களோட தரவை அலசுன 2020 காக்ரேன் அறிக்கை, தொடர்ந்து குடிக்காம இருக்க வைக்கிறதுல ஏஏவும், ஏஏவோட சேர்த்துவிடுற சிகிச்சையும் மத்த சிகிச்சைகளை விட நல்ல பலன் தருதுன்னு சொல்லுது. (தினமும் குடிக்கிறவங்க திடீர்னு நிறுத்துனா வலிப்பு வரலாம். முதல்ல டாக்டரைப் பாருங்க.)

இதுல கொடுமை என்னன்னா, அவங்க அரசுகிட்ட ஒரு பைசா கேக்குறதில்ல. வெளியார் நன்கொடை வாங்கக் கூடாதுங்கிறது ஏஏ மரபு. கூட்டத்துல போடுற காசுல வாடகை கட்டுவாங்க. அதனால நம்ம கோரிக்கையும் ரொம்பச் சின்னது:

1. ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஒரு அரசுக் கட்டட அறையை, வாரம் ரெண்டு சாயங்காலம், நியாயமான வாடகைக்குக் கொடு!
2. டாஸ்மாக் கடை வாசல்லயே கூட்டம் நடக்குற இடம், நேரத்தை போர்டா வை!
3. அரசு ஆஸ்பத்திரியில குடிநோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது இந்த விவரத்தையும் கையில கொடுத்து அனுப்பு!

கடை வைக்க இடம் தேடத் தெரிஞ்ச அரசுக்கு, பத்து நாற்காலி போட ஒரு அறை கிடைக்காதா?

நம்ம தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. ஏஏ எந்தக் கட்சியையும் சேராது, நம்மையும் சேர்த்துத்தான். அந்த வாசலுக்குக் கொடியோட போகாதீங்க, போட்டோ எடுக்காதீங்க, யார் வந்தாங்கன்னு வெளிய பேசாதீங்க. பேர் வெளிய வராதுங்கிற நம்பிக்கையிலதான் ஒருத்தர் உள்ள வர்றாரு. அதைக் காப்பாத்துறதும் அரசியல்தான்.

பகிருங்கள்! உங்க ஒன்றியத்துல மனு கொடுங்க!

#விடுறதுக்கு_ஒரு_அறை

- தகவல் தொழில்நுட்ப அணி, தென்காசி மாவட்டம்