‘பெய்தால்’ கற்பிக்கும் பாடம்
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

“சாரல் பெய்தால் குற்றாலத்தில் தண்ணீர் விழும்.” ஆனி, ஆடி மாதங்களில் தென்காசியில் இதைச் சொல்லாதார் இல்லை. இந்தச் சிறு வாக்கியத்தில் ஒரு வியப்பு இருக்கிறது. சாரல் இன்னும் பெய்யவில்லை. ஆயினும் ‘பெய்தால்’ என்பதைப் பிரித்துப் பாருங்கள்: பெய் + த் + ஆல். நடுவில் நிற்பது இறந்தகாலம் காட்டும் ‘த்’! வரப்போகும் மழையை வந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, அதன் விளைவைச் சொல்கிறோம். தொல்காப்பியமும் நன்னூலும் ‘செயின்’ என்று வாய்பாடு தந்த நிபந்தனைப் பொருளை இன்று பெரும்பாலும் ‘செய்தால்’ சுமக்கிறது.

ஆங்கில வகுப்பில் ‘இஃப்’ பாடம் வந்ததும் தமிழ்வழியில் படித்து வந்த நம்மில் பலர் நடுங்குகிறோம். மூன்று வகை வாக்கியங்களையும் மனப்பாடம் செய்கிறோம். ‘பணம் இருந்தால்’ என்று கற்பனையாகச் சொல்லும்போது ஆங்கிலத்தில் ‘ஹேட்’ என்ற இறந்தகாலம் ஏன் வருகிறது? நம் ‘இருந்தால்’ என்ற சொல்லிலும் இறந்தகாலமே இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் பாதி அச்சம் தீரும்.

ஏறத்தாழ 50 கோடிப் பேரின் தாய்மொழியான ஸ்பானியத்தைக் கைபேசி வழியே பொழுதுபோக்காகப் படித்து வருகிறேன். அங்கே விளைவைச் சொல்லும் வினைக்குத் தனி வடிவம் உண்டு. ‘கொமேர்’ என்றால் உண்ணுதல். அதனோடு ‘ஈயா’ சேர்ந்து ‘கொமெரீயா’ ஆனால், ‘வாய்ப்பு இருந்தால் உண்பேன்’ என்னும் குறிப்பு வந்துவிடும். பணிவாகக் கேட்பதற்கும் இவ்வடிவமே உதவுகிறது. நாமும் ‘கொடுத்தால் நன்றாயிருக்கும்’ என்றுதானே தயங்கிக் கேட்கிறோம்! சொல் வேறு, மனிதமனம் ஒன்றே.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ‘படித்திருந்தால்…’ என்பது என் பெற்றோரின் பெருமூச்சு. நடவாமற் போனதைக் குறிப்பது. ‘படித்தால்’ என்பது எங்கள் தலைமுறையின் சொல். இனி நடக்கக்கூடியதைக் குறிப்பது. இந்த வேறுபாட்டை வீட்டிலேயே உணர்ந்து வளர்ந்தவனுக்கு எந்த மொழியின் நிபந்தனை வினையும் அந்நியமாகாது. அவனுக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்காததுதான் குறை.

எனவே ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். பிறமொழி இலக்கணத்தை எங்கள் தமிழிலிருந்து தொடங்குங்கள். முதற் பத்து நிமிடம் போதும். தாய்மொழி, பிறமொழிக்குத் தடைக்கல் அன்று; படிக்கல். அந்தப் படியில் காலூன்றினால் ஏற எங்களுக்குத் தெரியும்.