வாசித்தவர்களை ஏன் அழிக்கிறீர்கள்?

ஒரு பாட்டைப் பேர் சொல்லிக் கேட்டால் அந்தப் பாட்டு வரவேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான். இப்போதெல்லாம் அதுவே பெரும்பாடாக இருக்கிறது. செல்போனில் பேரைத் தட்டுகிறேன். ஆல்பத்தின் படம் வருகிறது, பாடியவர் பேர் சரியாக இருக்கிறது, பாட்டும் தொடங்குகிறது. நாலு விநாடிக்குள் வயிறு எரிகிறது. டிரம்ஸ் வேறு, கிட்டார் வேறு. குரல் அதே ஆளுடையதுதான், ஆனால் அரை நூற்றாண்டு கழித்து வந்த குரல். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தால் கீழே பொடி எழுத்தில் மறுபதிவு என்றோ, ஏதோ ஓர் ஆண்டோ போட்டிருக்கிறது. சில பாட்டுகளில் அதுகூட இல்லை.

ராக் இசையின் பெரிய தலைகள் பலர் வயதான காலத்தில் தங்கள் பழைய பாட்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். புதுசாகப் பாட்டுப் போடட்டும், கேட்கக் காத்திருக்கிறோம். ஊரே மனப்பாடமாக வைத்திருப்பதை ஏன் பிரித்துப் போடுகிறார்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ரோஜர் வாட்டர்ஸை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அங்கேதான் எனக்கு அதிகம் வலித்தது. 2023 செப்டம்பரில் அவருக்கு 80 வயது நிறைந்தது. அடுத்த மாதமே 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன் ரீடக்ஸ்' வந்தது. பிங்க் ஃபிளாய்ட் 1973 மார்ச்சில் வெளியிட்ட ஆல்பத்தை, அந்தக் குழுவில் தன்னைத் தவிர வேறு யாரும் இல்லாமல், முதலிலிருந்து கடைசிவரை அவர் மறுபடி பதிவு செய்திருந்தார். அது வருவதற்குச் சில மாதம் முன்பே ஒரு பிரிட்டிஷ் பத்திரிகையிடம், அந்த ஆல்பத்தை எழுதியவன் நான், இனி 'நாங்கள்' என்ற பேச்சையெல்லாம் விட்டுவிடுவோம் என்கிற தொனியில் பேசியிருந்தார். பழைய ஆல்பம் சொல்லவந்தது பலருக்குப் புரியவே இல்லை என்றும் சொல்லியிருந்தார்.

வரிகள் முழுக்க அவருடையவை. அதில் யாருக்கும் தகராறு கிடையாது. 'மணி' அவர் ஒருவர் பேரிலேயே இருக்கிறது. ஆனால் 'அஸ் அண்ட் தெம்' மெட்டின் வேர் கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட்டிடம் இருக்கிறது. அந்தோனியோனியின் 'ஸப்ரிஸ்கி பாயிண்ட்' படத்துக்காக அவர் பியானோவில் போட்டது அது. இயக்குநர் வேண்டாம் என்று ஒதுக்க, அப்படியே கிடந்து, பிற்பாடு இந்த ஆல்பத்துக்கு வந்து சேர்ந்தது. 'எனி கலர் யூ லைக்' குழுவின் மற்ற மூவரான கில்மர், மேசன், ரைட் பேரில் இருக்கிறது, அதில் வாட்டர்ஸ் பேரே இல்லை. 'டைம்' நால்வர் பேரிலும் இருக்கிறது. அதன் தொடக்கத்தில் திடுக்கென்று அடிக்கும் கடிகாரங்களை ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் ஒரு பழங்காலக் கடிகாரக் கடைக்குப் போய் ஒவ்வொன்றாகப் பதிவு செய்து கொண்டுவந்தார். 'மணி'யில் வரும் சாக்ஸஃபோன் டிக் பாரியுடையது. இத்தனை பேர் கை பட்டு உருவான ஒன்றில் 'நாங்கள்' வேண்டாம் என்றால் மிச்சம் என்ன இருக்கும்?

'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை'க்கு வருகிறேன். 1973 ஜனவரியில் லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவுக்கு கிளேர் டோரி என்ற பாடகியை வரவழைத்தார்கள். சம்பளம் 30 பவுண்டு. ரைட்டின் பியானோ ஓடுகிறது, பாட வார்த்தை எதுவும் கிடையாது. குரலையே ஒரு வாத்தியமாக நினைத்துக்கொண்டு பாடினார். சில தடவைதான், முடிந்தது. சாவைப் பற்றிய பாட்டு அது. ஒரு வார்த்தை இல்லாமல் அந்தப் பெண் அலறுவதும், அடங்குவதும், கெஞ்சுவதும், கடைசியில் ஓய்ந்துபோவதும் காதில் விழும்போது, சாவைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது எல்லாம் அதில் இருப்பதாக எனக்குத் தோன்றும். அவருக்கு உரிய பேர் கிடைப்பதற்கு 2004-இல் வழக்குப் போட வேண்டியிருந்தது. 2005-இல் சமரசமாகி, ரைட்டின் பேரோடு டோரியின் பேரும் அந்தப் பாட்டில் சேர்ந்தது.

புது ஆல்பத்தில் அந்தக் குரல் இருந்த இடத்தில் வாட்டர்ஸ் பேசுகிறார். அமெரிக்கக் கவிஞர் டொனால்டு ஹாலின் கடைசி நாட்களைப் பற்றிய ஒரு கடிதத்தை நிதானமாக வாசிக்கிறார். கடிதம் நெஞ்சைத் தொடும் கடிதம்தான், அதை நான் மறுக்கவில்லை. தனியாக ஒரு பதிவாக அது வந்திருந்தால் உட்கார்ந்து கேட்டிருப்பேன். முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து வழக்காடிப் பேர் வாங்கிய ஒரு பெண்ணின் குரலை எடுத்துவிட்டு, அதே தலைப்பின் கீழ் அதை வைப்பானேன்? 'ஆன் தி ரன்' பாட்டிலும் இதே கதை. பழையதில் சிந்தசைசர் ஓட்டமும் காலடிச் சத்தமுமாக மூச்சிரைக்கும். புதியதில் கனவு ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். எங்கெல்லாம் இசை மட்டும் இருந்ததோ அங்கெல்லாம் பேச்சு வந்து உட்கார்ந்திருக்கிறது. கில்மரின் கிட்டார் நின்று விளையாடிய இடங்களில் தனி கிட்டார் வாசிப்பே காணோம்.

என் அக்கா மகன் கல்லூரியில் படிக்கிறான். நான் சொல்லிச் சொல்லி ஒருநாள் அவனாகத் தேடிக் கேட்டிருக்கிறான். "மாமா, இதையா இத்தனை நாளா சொல்லிக்கிட்டிருந்தீங்க? ஒரு தாத்தா பேசிக்கிட்டேதான இருக்காரு?" என்றான். போனை வாங்கிப் பார்த்தேன், 2023 பதிவு. அவனை உட்காரவைத்து 1973 பதிவில் 'டைம்' போட்டேன். கடிகாரங்கள் ஒரே நேரத்தில் அடித்து ஓய்ந்து, நிக் மேசனின் ரோட்டோடாம் சத்தம் ஒவ்வொன்றாக விழுந்து, இரண்டு நிமிஷத்துக்கு மேல் காக்க வைத்த பிறகுதான் குரல் வருகிறது. கில்மரின் கிட்டார் எழும்பியபோது பையன் ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டான். முடிந்ததும் "இத ஏன் மாமா மாத்தினாங்க?" என்று கேட்டான். அவனுக்கு நான் என்ன பதில் சொல்ல?

அவர் பாட்டு, அவர் இஷ்டம் என்பார்கள். சட்டப்படி சரிதான். வயதாகிவிட்டது, குரல் போய்விட்டது, வேறு என்ன செய்வார் என்றும் கேட்பார்கள். குரல் இறங்குவதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. வயதானால் தொண்டை இறுகும், உச்சத்துக்குப் போகாது. ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை சுருதியை இறக்கிப் பாடுவது உலகமெங்கும் நடக்கிறது. மேடையில் பாப் டிலன் தன் பாட்டை அடையாளம் தெரியாமல் மாற்றிப் பாடுவதையே இத்தனை வருஷமாக ரசித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஜோனி மிட்செலைக் கேளுங்கள். 'போத் சைட்ஸ் நவ்' அவர் இருபது வயதுகளின் தொடக்கத்தில் எழுதியது. 1969-இல் தன் ஆல்பத்தில் பாடியபோது வயது 25. வாழ்க்கையை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டேன் என்று அந்த வயதில் ஒருத்தி பாடினால், அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். 2000-இல் ஒரு பெரிய ஆர்கெஸ்ட்ராவை வைத்துக்கொண்டு அதையே மறுபடி பாடினார், 56 வயது. சிகரெட்டும் காலமும் குரலைக் கீழே இழுத்துவிட்டிருந்தன. அந்த உச்ச ஸ்தாயி சுத்தமாகப் போய்விட்டது. ஆனால் அதே வரிகளை இப்போது அவர் சொல்லும்போது நம்பாமல் இருக்க முடியாது. இடைப்பட்ட முப்பது வருஷமும் அந்தப் பாட்டுக்குள் வந்துவிட்டது. பழைய பதிவில் இருந்தது அவர் குரலும் அவர் கிட்டாரும். யாருடைய பங்கையும் அவர் பிடுங்கவில்லை.

யூசுஃப், அதாவது கேட் ஸ்டீவன்ஸ், 2020-இல் 'டீ ஃபார் தி டில்லர்மன்' ஆல்பத்தை ஐம்பது வருஷம் கழித்து மறுபடி செய்தார். அதில் 'ஃபாதர் அண்ட் சன்' பாட்டுக்கு அவர் செய்ததைக் கேட்டு நான் கண் கலங்கியிருக்கிறேன். தகப்பனும் மகனும் மாறி மாறிப் பேசும் பாட்டு அது. 1970-இல் இரண்டையும் 22 வயதுப் பையனாக அவரே பாடினார். புதியதில் தகப்பன் பகுதியை வயதான குரலில் பாடிவிட்டு, மகன் பகுதிக்கு 1970-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் டிரூபடோர் அரங்கில் தான் பாடிய பழைய பதிவையே எடுத்து வைத்தார். கிழவர் பேச, அந்தப் பையன் பதில் சொல்கிறான். மறுபடி செய்வதற்கு இப்படி ஒரு காரணம் இருந்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

காசு விஷயமும் இருக்கிறது, அதை மூடி மறைக்க வேண்டியதில்லை. பாட்டை இயற்றியவருக்கு ஒரு உரிமை, ஒலிப்பதிவுக்கு இன்னொரு உரிமை. இரண்டாவது பெரும்பாலும் ரெக்கார்டு கம்பெனியிடம் போய்விடும். சினிமாவிலோ விளம்பரத்திலோ பழைய பதிவைப் போட இரண்டு பேரிடமும் அனுமதி வாங்க வேண்டும். ஒப்பந்தக் கெடு முடிந்ததும் பாடகரே மறுபடி பதிவு செய்தால் கம்பெனியின் தயவு தேவைப்படாது. டெஃப் லெப்பர்ட் குழு 2012-இல் செய்தது அதைத்தான். இணையத்தில் விற்கும் பாட்டுக்குப் பங்கு எவ்வளவு என்பதில் கம்பெனியோடு முட்டிக்கொண்டு, தங்கள் பாட்டுகளைத் தாங்களே அச்சு அசலாக நகல் எடுத்தார்கள். பாடகர் ஜோ எலியட்டே அவற்றைப் போலிகள் என்றுதான் சொன்னார். அவர்கள் கோபம் நியாயமான கோபம். டெய்லர் ஸ்விஃப்ட்டும் ஒலிப்பதிவு உரிமைக்காகத்தான் மறுபடி பாடினார், ஆனால் அவர் பாட்டின் தலைப்பிலேயே இது தன் பதிவு என்று எழுதிவிட்டார். கேட்பவர் ஏமாற வழியில்லை. வயதில் மூத்தவர்களுக்கு அந்த நேர்மை ஏன் வரவில்லை?

எலெக்ட்ரிக் லைட் ஆர்கெஸ்ட்ரா குழுவின் ஜெஃப் லின் 2012-இல் வெளியிட்ட ஆல்பத்தின் பேர் 'மிஸ்டர் புளூ ஸ்கை: தி வெரி பெஸ்ட் ஆஃப் எலெக்ட்ரிக் லைட் ஆர்கெஸ்ட்ரா'. கடையில் பார்ப்பவர் என்ன நினைப்பார்? பழைய பாட்டுகளின் தொகுப்பு என்றுதான். உள்ளே இருப்பதோ ஏறக்குறைய எல்லா வாத்தியத்தையும் லின் தானே வாசித்துச் செய்த மறுபதிவு. பழைய பதிவுகளில் தனக்குத் திருப்தி இல்லை என்றார். 1977-இல் மியூனிக்கில் பதிவான 'மிஸ்டர் புளூ ஸ்கை' பாட்டில், குழுவில் டிரம்ஸ் வாசித்த பெவ் பெவன் ஒரு தீயணைப்பு சிலிண்டரைத் தட்டி எழுப்பிய ஒலி ஒன்று வரும். மணி மாதிரி கணீர் என்று இருக்கும். ஒரு மனுஷன் ஸ்டுடியோவில் கைக்குக் கிடைத்ததைத் தட்டிப் பார்த்து, இது நன்றாக இருக்கிறதே என்று எல்லாரும் சிரித்த நேரம் அந்த ஒலியில் இருப்பதாகவே எனக்குப் படும். முப்பத்தைந்து வருஷம் கழித்துத் தனியாக உட்கார்ந்து எவ்வளவு துல்லியமாகச் செய்தாலும் அது எப்படித் திரும்பி வரும்?

யு2 குழு 2023-இல் ஒரேயடியாக 40 பாட்டுகளை மறுபடி செய்ததைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. 'சண்டே பிளடி சண்டே'க்கு உயிரே லாரி மல்லனின் அந்த அணிவகுப்பு டிரம்ஸ்தான். அதை எடுத்துவிட்டுப் பாடினால் அந்தப் பாட்டுக்குள் இருந்த கோபம் எங்கே போகும்?

எல்லாவற்றையும்விட மோசமானது பழையதையே அப்புறப்படுத்துவது. 1987-இல் ஸீஸீ டாப் குழுவின் ஆரம்ப ஆல்பங்களை சிடியில் போட்டபோது, டிரம்ஸை அந்தக் காலத்து மோஸ்தருக்கு எதிரொலி ஏற்றி ரீமிக்ஸ் செய்துவிட்டார்கள். 1973-இல் வந்த 'ட்ரெஸ் ஓம்ப்ரெஸ்' ஆல்பத்தின் உண்மையான சத்தம் சிடியில் வர 2006 ஆயிற்று. கிட்டத்தட்ட இருபது வருஷம் ஒரு தலைமுறை கேட்டது வேறொன்றை.

ஓஸி ஆஸ்பர்னின் 'பிளிஸார்ட் ஆஃப் ஓஸ்', 'டைரி ஆஃப் எ மேட்மேன்' இரண்டுக்கும் 2002-இல் நடந்தது இன்னும் கொடுமை. பேஸ் வாசித்த பாப் டெய்ஸ்லியும் டிரம்ஸ் வாசித்த லீ கெர்ஸ்லேக்கும் பங்கு கேட்டு வழக்காடினார்கள். மறுவெளியீட்டில் அவர்கள் வாசித்ததை எடுத்துவிட்டு வேறு இருவரை வாசிக்கவைத்து ஒட்டினார்கள். ராண்டி ரோட்ஸின் கிட்டாரை மட்டும் தொடவில்லை. அவர் 1982-இல் 25 வயதில் விமான விபத்தில் போய்விட்டார். கெர்ஸ்லேக்கின் அடியைக் காதில் வாங்கிக்கொண்டு, அதற்கு முந்தியும் பிந்தியும் அவர் வாசித்த கிட்டார் அது. இருபது வருஷம் கழித்து அதன் கீழே இன்னொருவருடைய டிரம்ஸைச் சொருகினால் செத்துப்போனவர் எழுந்து வந்து தாளத்தைச் சரிசெய்வாரா? ரசிகர்கள் கொதித்தார்கள். 2011 மறுவெளியீட்டில்தான் பழைய வாசிப்பு திரும்ப வந்தது.

மறுபதிவுக்குத் தடை போடச் சொல்லி நான் கேட்கவில்லை. பழைய பதிவு அதன் பேரில், அதன் இடத்தில் இருக்கட்டும், தேடினால் அதுவே முதலில் வரட்டும். புதியது என்றால் ஆண்டைத் தலைப்பிலேயே, பெரிய எழுத்தில் போடுங்கள். இரண்டிலும் வாசித்த ஒவ்வொருவர் பேரையும் போடுங்கள், 30 பவுண்டுக்கு ஒருநாள் வந்து பாடிவிட்டுப் போனவர் பேர் உட்பட.