கடற்பாசியும் குளிசையும்

தலவாக்கலைக் குளிருக்கு நெஞ்சுச் சளி புதிதல்ல. சளி முற்றிக் கிருமி பற்றினால் டாக்டர் எழுதித் தரும் மருந்துகளுள் கிளாரித்ரோமைசின் ஒன்று. சாதாரணக் குளிசையானால் நாளுக்கு இரண்டு வேளை. ஒரு வேளை மட்டும் போடும் 500 மில்லிகிராம் குளிசையும் உண்டு. பெட்டியில் பெயருக்குப் பின்னால் 'எக்ஸ்.எல்.' என்றிருக்கலாம்.

ஒரு வேளை எப்படிப் போதுமாகிறது? நோன்பு காலத்தில் நாம் காய்ச்சும் கடற்பாசியை நினைத்துப் பாருங்கள். அதுபோலவே, பழுப்பு நிறக் கடற்பாசிகளிலிருந்து எடுக்கும் 'அல்ஜினேட்' என்ற பசையை இவ்வகைக் குளிசைகள் சிலவற்றில் சேர்க்கிறார்கள். 1881இல் ஸ்டான்ஃபோர்ட் என்ற பிரித்தானிய இரசாயனவியலாளர் கண்டறிந்த பொருள் இது. வயிற்று நீர் பட்டதும், சர்பத்தில் போட்ட கசகசாவைப் போல ஊதி ஜெலியாகிறது. அந்த ஜெலியினூடாக மருந்து சிறுகச் சிறுகக் கசியும்.

விழுங்க முடியாத மாமிக்கு இதை இடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்தால் என்னாகும்? ஜெலி கட்டாது, நாள் முழுதுக்குமான மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். குமட்டல், வயிற்றோட்டம் கூடலாம்; பிந்திய மணிகளில் மருந்து போதாமல் போகலாம். ஆகவே இடிக்காதீர்கள், உடைக்காதீர்கள். சாப்பாட்டோடு முழுசாக விழுங்க வேண்டும். முடியாதென்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். இம்மருந்து பாணியாகவும் உண்டு. ஒரு வேளைக் குளிசை தமக்குப் பொருந்துமா என்று நோன்பாளிகளும் கேட்டுக்கொள்ளலாம்.

காய்ச்சல் விட்டதென்று, டாக்டர் சொன்ன நாள் முடியுமுன் நிறுத்திவிடவும் வேண்டாம்.