மீண்டும் மீண்டும் பிரளும் கால்



எங்கள் மாத்தளைப் பக்கத்துக் கிராமங்களில் அஸர் தொழுகை முடிந்ததும் பிள்ளைகள் கரப்பந்தாட்ட வலையைக் கட்டிவிடுவார்கள். நல்ல விடயந்தான். அப்படி ஆடும் என் மாணவன் ஒருவன், பந்தை அடிக்க எழும்பி இன்னொருவனின் பாதத்தின் மேல் இறங்கினான். இடது கால் உட்பக்கமாக மடங்கியது. வெதமாத்தயா எண்ணெய் பூசிக் கட்டினார். ஐந்தாம் நாள் வலி குறைந்தது. ஆறாம் நாள் மைதானத்தில் நின்றான்.

அதற்குப் பின் ஒரு வருடத்துக்கு மேலாக அதே கால் பிரண்டுகொண்டே இருந்தது. கடைசியில் மத்ரஸா படியில் இறங்கும்போதும் பிரண்டது. “நடக்கும்போது கவனம் எங்கே?” என்று ஏசினேன். நான் செய்தது அநியாயம் என்பது பின்னர்தான் விளங்கியது.

ஒருநாள் அவன் சுன்னத் தொழுவதைப் பின்னால் இருந்து கண்டேன். கடைசி அத்தஹிய்யாத்தில் ஷாஃபிஈ முறைப்படி இடது பாதத்தை வலப்பக்கம் வெளியே விட்டு உட்காரும்போது, கணுக்காலின் வெளிப்புறம் தரையில் அழுந்தும். அவனால் அப்படி இருக்க முடியவில்லை. காயம் அந்த இடத்தில்தான் இருந்தது.

கணுக்காலின் வெளிப்பக்கத்தில் எலும்புகளைப் பிணைக்கும் நார்கள் மூன்று உண்டு. பாதம் உட்பக்கமாக மடங்கினால் முன்னால் உள்ள நார்தான் பெரும்பாலும் முதலில் கிழியும். பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்கு அறிவிக்கும் நரம்பு முனைகளும் அந்த நார்களில் உள்ளன. காயத்துக்குப் பின் அந்தச் செய்தி பிந்துகிறது. பாதத்தை இழுத்து நேராக்க வேண்டிய கெண்டைக்காலின் வெளிப்புறத் தசை தாமதமாகவே விழிக்கிறது. வலி போனாலும் இந்தத் தாமதம் தானாகப் போவதில்லை. அதனால்தான் சமதரையிலும் கால் பிரள்கிறது. முதற் சுளுக்கு ஏற்பட்டவர்களில் பத்துக்கு நான்கு பேர் வரை இந்த நிலைக்கு ஆளாகிறார்கள்.

2023 உலகக் கிண்ணத்தில், ஒக்டோபர் 19ஆம் திகதி புனேயில், ஹர்திக் பாண்டியா தான் வீசிய பந்தைக் காலால் தடுக்கப்போய் இடது கணுக்காலைப் பிரட்டிக்கொண்டார். எத்தனை வைத்தியர்கள் அருகில் இருந்தார்கள்! ஆயினும் இரண்டு வாரங்களில் அவர் தொடரிலிருந்தே விலக நேர்ந்தது; 2024இல்தான் மீண்டும் ஆட வந்தார். நம் பிள்ளை ஆறாம் நாளே ஆடினான்.

அடிபட்டவுடன் நான்கு அடி நடக்க முடியாவிட்டால், அல்லது கணுக்கால் மொழிகளின் பின்புற எலும்பை அழுத்தும்போது வலித்தால், எக்ஸ்ரே எடுக்காமல் விடாதீர்கள். முறிவு இல்லையெனில், வீக்கம் வற்றிய பின் பயிற்சிதான் மருந்து. வைத்தியசாலையில் இயன்மருத்துவர் இருப்பார், அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். றப்பர் பட்டியைப் பாதத்தில் மாட்டி வெளிப்பக்கமாக இழுப்பது, குதிகாலை உயர்த்தி இறக்குவது, எல்லாவற்றிலும் முக்கியமாக ஒற்றைக் காலில் நிற்பது. முதலில் கண் திறந்து, பின்பு கண் மூடி, பின்பு மடித்த தலையணை மேல். விழாமல் இருக்கப் பக்கத்தில் சுவர் வேண்டும். ஆறு வாரமாவது விடாமல் செய்ய வேண்டும். துள்ளி இறங்கிப் பழகிய பின்பே ஆட்டம். அப்போதும் சில மாதங்கள் கணுக்கால் பட்டி அவசியம். மாதக்கணக்கில் செய்தும் பயனில்லாத சிலருக்கே நார்களை இறுக்கித் தைக்கும் சத்திரசிகிச்சை.

இடையில் ஒரு மஸ்அலா. சுளுக்குக்குச் சுற்றும் இழுபடும் துணியைத் தீங்கின்றிக் கழற்றலாம் என்றால், வுழூவின்போது கழற்றிக் காலைக் கழுவ வேண்டும். இருப்பில் பாதத்தை வைக்கும் முறை சுன்னத்தே. வலிப்பவர் இயன்றபடி இருக்கட்டும். நபி (ஸல்) அவர்களே குதிரையிலிருந்து விழுந்து காயமுற்றபோது உட்கார்ந்து தொழுவித்தார்கள் என்பது ஹதீஸ்களில் உள்ளது.

மாணவனிடம் மன்னிப்புக் கேட்டேன். மிஸ்வாக் செய்யும் நேரமெல்லாம் கொக்குப் போல நிற்கிறானே என்று அவனுடைய உம்மா முதலில் பயந்துபோனாராம். மூன்று மாதமாகிறது. சென்ற வாரம் இஷாவுக்குப் பின் சுன்னத்தில் அவனைப் பார்த்தேன். இடது பாதம் வலப்பக்கம் வெளியே இருந்தது.