பட்டுப் பெட்டியில் மறையும் உருண்டை

காஞ்சியை அடுத்த முசரவாக்கத்தில் கல்யாணப் பட்டைப் பெட்டியில் வைக்கும் பெண்மணிகள் பாச்சை உருண்டை இரண்டையும் உடன் இடுவர். அடுத்த விசேஷத்திற்குப் பெட்டியைத் திறந்தால் புடவை இருக்கும்; உருண்டை இராது. உருகிய கறையும் இல்லை. போனவிடம் எது?

உருண்டை நாப்தலீன் என்னும் பொருள். கரியணு பத்தும் ஹைட்ரஜன் அணு எட்டும் கூடியது அதன் ஒரு மூலக்கூறு. உள்ளே அணுக்களுக்குள் இரும்புப் பிடி; மூலக்கூறுகளுக்கிடையிலோ வெறும் ரயில் சிநேகம்! ஆதலால் ஒவ்வொன்றாய்ப் பிரிந்து, உருகாமலே ஆவியாகின்றன. வைரத்தில் கரியணுக்கள் யாவும் இறுகப் பிணைந்திருப்பதால் மூக்குத்தி தப்பிற்று.

அடுக்கின் அமைப்பும் முக்கியம். ஆந்த்ரஸீன், பினாந்த்ரீன் இரண்டிலும் அணுக்கணக்கு ஒன்றே. நேராக நீண்ட முன்னது சுமார் 216 டிகிரி சென்டிகிரேடில் உருகும். வளைந்த பின்னது 100 டிகிரியிலேயே உருகிவிடும்.

இத்துறையில் நம்மவர் முன்னின்றனர். நாப்தலீன் ஸ்படிகத்தின் அமைப்பை எக்ஸ்-ரே கொண்டு ஆராய்ந்து 1930-இல் வெளியிட்டார், கல்கத்தாவில் கேதாரேசுவர பானர்ஜி. வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனோ, ஸ்படிகத்தை நுண்ணிழையில் தொங்கவிட்டுக் காந்தத்திடையே அது திரும்பும் விதத்தைக் கொண்டே மூலக்கூறுகளின் சாய்வை அறியும் வழியை 1933-இல் விளக்கினார்.

பற்றின் தளர்ச்சியால் எழும் அந்த ஆவி பூச்சிக்கு மட்டும் பகையன்று. ஜி-6-பி-டி என்னும் நொதி குறைந்த சிசுக்களின் இரத்தச் சிவப்பணுக்களை அது சிதைக்கும், கடுங்காமாலை காணும். குழந்தைத் துணியிருக்கும் பெட்டியில் உருண்டையே வேண்டா.