தூரிகை தாங்கிய இல்லம்

காஞ்சிபுரத்துக் கைலாசநாதர் கோயிலின் திருச்சுற்றில் வரிசையாக அமைந்துள்ள சிறு சன்னதிகளுட் சிலவற்றில், சுவரோடு ஒட்டி நிற்கும் வண்ணத் துணுக்குகளை இன்றும் காணலாம். பல்லவ மன்னன் இராசசிம்மன் காலத்தில், ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன் தீட்டப்பெற்ற ஓவியங்களின் எச்சங்கள் அவை. பிற்காலப் பூச்சின் அடியில் மறைந்து கிடந்த அவற்றை 1931ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தார். கோயிலை எழுப்பிய மன்னனின் பெயரை நாம் அறிவோம். அரசி ரங்கபதாகையின் பெயரையும் கல்வெட்டு நமக்குச் சொல்கிறது. ஆனால் அந்தக் கோடுகளை இழுத்த கை எவருடையது என்பதை எந்தக் கல்லும் சொல்லவில்லை.

பிள்ளையார்பாளையத்துத் தறிகளுக்கும் இதுவே கதி. உடலும் கரையும் வெவ்வேறு நிறமாய் அமைந்து, கோர்வையால் ஒன்றோடொன்று பிணைந்து நிற்கும் பட்டுச் சேலையில் கடையின் பெயர் இருக்கும். நெய்தவரின் பெயர் இருப்பது அரிது. நெய்தவருக்காக வீட்டில் அமர்ந்து பட்டு இழைத்துத் தார் சுற்றிக் கொடுத்த மனைவியின் பெயரோ, கூலிக் கணக்கிலும் ஏறுவதில்லை.

கைவேலை நிலைத்து நின்றாலும் பெயர் நிலைப்பதில்லை. சில வேளைகளில் இரண்டுமே அழிந்து போகின்றன. இத்திங்கள் நம் வாசகர்களுக்கு நாம் அறிமுகம் செய்யவிருக்கும் ஓவியர், அவ்வாறு மறைந்து போகும் நிலையிலிருந்து மீட்கப்பட்ட ஒரு பெண்மணி. பிறப்பால் ருசிய நாட்டினர். மணத்தால் நம் தமிழகத்தின் மருமகள். பெயர் மாக்டா நாக்மன்.

1889ஆம் ஆண்டில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் அவர் பிறந்தார். தந்தை யூத மரபினர்; தாய் லுத்தரன் சபையைச் சேர்ந்த ஜெர்மானிய வழியினர். அந்நகரில் எலிசவெத்தா ஸ்வான்செவா என்ற பெண்மணி நடத்திய ஓவியப் பள்ளியில் மாக்டா சேர்ந்தார். ருசிய நடன அரங்குகளுக்கு வண்ணம் வகுத்துப் புகழ்பெற்ற லியோன் பாக்ஸ்ட் அங்கே ஆசிரியராயிருந்தார். பிற்காலத்தில் உலகப் புகழ் எய்திய மார்க் ஷகாலும் அதே பள்ளியில் பயின்றவரே. பாக்ஸ்ட் 1910இல் பாரீசுக்குச் சென்றபின், பெத்ரோவ்-வோத்கின் என்ற ஓவியர் மாணவர்களை வழிநடத்தினார்.

1913ஆம் ஆண்டுக் கோடையில் கருங்கடற்கரையிலுள்ள கொக்தெபெல் என்னும் சிற்றூரில், கவிஞர் வொலோஷினின் இல்லத்தில் எழுத்தாளரும் ஓவியரும் கூடியிருந்தனர். அங்கே மாக்டா ஓர் இளம் பெண்ணை அமரச் செய்து, அவர் உருவத்தைத் தீட்டினார். அப்பெண்தான் பின்னாளில் ருசிய மொழியின் தலைசிறந்த கவிஞர்களுள் ஒருவராகப் போற்றப்பட்ட மரீனா ஸ்வெதாயெவா. தீட்டியவருக்கு வயது இருபத்து நான்கு; தீட்டப்பட்டவருக்கு இருபதுதான். கவிஞரின் வரலாறு எழுதப்படும் இடமெல்லாம் அந்தப் படம் இடம்பெறலாயிற்று. வரைந்தவர் யார், பின்பு என்ன ஆனார் என்று கேட்டவர்களோ மிகச் சிலரே.

1917ஆம் ஆண்டின் புரட்சியும் அதைத் தொடர்ந்த உள்நாட்டுப் போரும் பழைய வாழ்க்கையைக் கலைத்துவிட்டன. நகரங்களில் உணவில்லை. மாக்டா கிராமப்புறங்களில் தங்கி, கிடைத்த வேலையைச் செய்தார். உஸ்த்-தொலீசி என்ற ஊரில் நடந்த மக்கள் நாடக அரங்கிற்குக் காட்சித் திரைகள் அமைத்தார். அக்காலத்தில் தம் பள்ளித் தோழி யூலியா ஒபொலென்ஸ்காயாவுக்கு அவர் இடைவிடாது கடிதங்கள் எழுதினார். இதனை வாசகர்கள் நினைவில் இருத்துக. அக்கடிதங்களைப் பற்றிப் பின்னர்ப் பேசுவோம்.

1921இல் மாஸ்கோவில் அவர் ஓர் இந்தியரைச் சந்தித்தார். அவர்தாம் மண்டயம் பார்த்தசாரதி திருமலாச்சாரியார் என்னும் எம். பி. டி. ஆச்சார்யா. 1887இல் சென்னையில் பிறந்தவர். பாரதியார் ஆசிரியராயிருந்த 'இந்தியா' வார இதழை நடத்தியவர்களுள் ஒருவர். ஆங்கில அரசின் அடக்குமுறைக்குத் தப்பிப் புதுவை சென்று, பின் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியவர். இலண்டன், பெர்லின் எனப் பல நகரங்களில் நாட்டு விடுதலைக்காக உழைத்து, 1920இல் தாஷ்கண்டில் இந்தியப் பொதுவுடைமைக் கட்சியை அமைத்தோருள் ஒருவராகி, அடுத்த ஆண்டிலேயே கருத்து வேற்றுமையால் வெளியேற்றப்பட்டவர். வீடும் நாடும் கட்சியும் இல்லாத ஒருவரைத்தான் மாக்டா மணந்தார். 1922இல் இருவரும் பெர்லினுக்குச் சென்றனர்.

அங்கே நடந்த இல்லறத்தை நம் குடும்பங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆச்சார்யா ஓயாது கட்டுரைகள் எழுதினார். கொள்கைக்காக எழுதுவோருக்கு வருவாய் எப்படி இருக்குமென்பதை நாம் அறிவோம். மாக்டா உருவப் படங்கள் தீட்டினார்; நூல்களுக்குச் சித்திரங்கள் வரைந்தார். 1928இல் பெர்லினில் அவருடைய ஓவியக் காட்சி நடைபெற்றபோது, அந்நகரில் அகதியாய் வாழ்ந்த இளம் எழுத்தாளர் நபொக்கோவ், ருசிய நாளிதழ் ஒன்றில் அதற்கு மதிப்புரை எழுதினார். 1933இல் அதே நபொக்கோவின் உருவத்தையும் மாக்டா வரைந்தார். பின்னாளில் உலகெங்கும் படிக்கப்பட்ட அந்த எழுத்தாளரின் படம் இன்று கிடைக்கவில்லை; புகைப்பட வாயிலாகவே அதனை அறிகிறோம்.

1933இல் இட்லர் ஆட்சிக்கு வந்தார். யூதத் தந்தையின் மகள், அயல் நிறத்தவரின் மனைவி, அதிலும் அரசுகளை எதிர்ப்பவரின் மனைவி. இத்தகையவருக்கு அந்நாட்டில் இடமேது? 1934இல் இருவரும் சுவிட்சர்லாந்துக்குச் சென்று, அதன்பின் சில ஆண்டுகளுக்குள் பம்பாய் வந்து சேர்ந்தனர். ஆச்சார்யா தாய்நாடு திரும்பியது கால் நூற்றாண்டுக்கும் மேற்பட்ட இடைவெளிக்குப் பின்னராகும். மாக்டாவுக்கோ இது மற்றுமொரு புதிய நாடு. வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

இந்த வயதில், மொழியும் வெயிலும் புதியனவாயிருந்த ஒரு நகரில், அவர் மீண்டும் தூரிகையை எடுத்தார். பம்பாய் ஓவியக் கழகத்தின் காட்சிகளில் அவருடைய படங்கள் இடம்பெற்றன. இட்லரின் கொடுமைக்குத் தப்பி அந்நகருக்கு வந்திருந்த லாங்ஹாமர், ரூடி வான் லேடன் முதலிய கலைஞர்களும் திறனாய்வாளர்களும் அவருக்கு நண்பராயினர். ஹுசேன், ரசா, சூசா முதலிய இளம் ஓவியர்களை ஊக்குவித்த வட்டமும் அதுவே. வியன்னாவிலிருந்து 1939இல் வந்த நடனமணி ஹில்டே ஹோல்கரின் அசைவுகளை மாக்டா விரைந்த கோடுகளில் பதிவு செய்தார். செல்வர்களின் உருவங்களை வரைந்தது வாழ்க்கைக்காக. பிள்ளைக்குப் பாலூட்டும் ஏழைத் தாய், கூலியாட்கள், தெருவோரத்துச் சிறுவர் ஆகியோரைத் தீட்டியது உள்ளத்தின் உந்துதலால். கணவர் நோயால் தளர்ந்தபோதும் வீட்டு உலை கொதித்தது பெரிதும் மனைவியின் தூரிகையாலேயே.

1951 பிப்ரவரி 12ஆம் நாள், பம்பாயிலிருந்த அயல்மொழிக் கழகத்தில் அவருடைய தனிக் காட்சி தொடங்குவதாயிருந்தது. திறப்பு விழாவுக்குச் சில மணி நேரம் இருக்கையில் மாக்டா உயிர் நீத்தார். தம் படங்களைக் காண மக்கள் கூடுவதை அவர் கண்கள் காணவில்லை.

எஞ்சியவர் ஆச்சார்யா. மனைவியின் ஓவியங்களே அவர் கையிலிருந்த செல்வம். 1954 மார்ச்சு 20ஆம் நாள் அவரும் வறுமையில் மறைந்தார். பிள்ளைகளில்லாத அவ்வில்லத்தின் படங்கள் ஆங்காங்கே சிதறின. சில தனியார் வீடுகளில் தங்கின; பல எங்கே போயினவென்று அறிய வழியில்லை. கலை வரலாற்று நூல்கள் அவர் பெயரை மறந்தன. நாட்டு விடுதலை வரலாறு எழுதியோரும் ஆச்சார்யாவைப் பற்றிச் சொன்னபோது, 'ருசிய மனைவி' என்ற இரு சொற்களோடு நின்றுகொண்டனர்.

அப்படியாயின் நாம் இன்று இவ்வளவும் அறிந்தது எவ்வாறு? தோழி ஒபொலென்ஸ்காயா தமக்கு வந்த கடிதங்களைக் கிழித்தெறியாமல் வைத்திருந்தார். அவை ருசிய நாட்டு ஆவணக் காப்பகத்தை அடைந்தன. லீனா பெர்ன்ஸ்டைன் என்ற ஆய்வாளர் அவற்றைத் தேடிப் படித்து, ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் எஞ்சியிருந்த படங்களைத் தேடிக் கண்டு, 2020இல் மாக்டாவின் முழு வரலாற்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஒரு தோழியின் பெட்டியில் கிடந்த காகிதங்கள், நூறு ஆண்டு கழித்து, ஒரு வாழ்க்கையை மீட்டுத் தந்தன.

இதனால் நாம் பெறும் உண்மை யாது? நல்ல வேலை செய்தால் பெயர் தானே நிலைக்கும் என்று பெரியோர் சொல்வதுண்டு. அது பாதி உண்மையே. வேலை செய்பவர் ஒருவர் வேண்டும். அதனைப் பேணிக் காப்பவர் மற்றொருவரும் வேண்டும். நம் கோர்வைச் சேலைக்கு ஒரு கை போதாது. ஒரு புறத்து நாடாவை நெய்பவர் எறிய, மறு புறத்துக் கரையின் நாடாவைத் துணையாள் எறிந்தாலன்றிக் கரை உடலோடு சேராது. கலைஞருக்கும் நினைவுக்கும் உள்ள உறவு அத்தகையதே.

வாசகர்களே, மாக்டாவைப் போன்ற பெண்கள் நம் இல்லங்களிலும் உண்டு. பாட்டி பின்னிய பூவேலைத் துணி, அத்தை வரைந்த கோலக் குறிப்பேடு, அன்னை சேலைக் கரைக்கெனக் கட்டத் தாளில் போட்டு வைத்த மாதிரி, இவற்றை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். செய்தவர் பெயரும் ஆண்டும் பின்புறத்தில் எழுதப்பட்டுள்ளனவா? இல்லையெனில் அவர் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். பழைய கடிதங்களைப் பழைய காகிதத்தோடு எடைக்குப் போடும் முன் ஒருமுறை படித்துப் பாருங்கள். அடுத்த தலைமுறை நம்மிடம் அந்தப் பெயரைக் கேட்கும் நாளில், தெரியாது என்று சொல்லும் நிலை நமக்கு வர வேண்டாம்.